கயிற்றை மட்டும் நம்புங்கள்

அத்தியாயம் ஒன்பது

ஒரு சாவுக்கு முப்பது சாட்சிகள் கிடைப்பது துப்பறிகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்தான். அந்த முப்பது பேரும் அந்த நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்கென்று அமைகிற அதிர்ஷ்டம்.

“வஹாப், இன்னிக்கு ஜோக் வேணாம்” என்றார் பரிமளா மேடம்.

நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. மேடம் காவல் துறையில் ஏட்டாக இருந்து, பாதியில் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவர். வாயே திறக்காத ஆட்களைப் பேச வைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். என் ஒருவனிடம் மட்டும் அந்தத் திறமையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார். நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். அவர் துப்பறிவார், நான் வண்டி ஓட்டுவேன். வண்டி நின்றுவிட்டால் தள்ளுகிற பொறுப்பும் எனக்குத்தான்.

உத்திரமேரூர் பஜாரில் என் அத்தா கிதர் முகம்மதுவின் பிளாஸ்டிக் சாமான் கடை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல் கீர்த்தி. அவள் வீட்டு வாசலில் டி.வி.க்காரர்கள் நிற்பதால் இங்கே ஒளித்து வைத்திருந்தோம். மடியில் ஒரு துணிப்பை. அதில் மாற்றிக்கொள்ள ஒரு சுடிதார் இருந்தது. இன்ஸ்பெக்டர் ராஜாராம் காலையில் போன் செய்து, மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார்: “சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடும்மா. கைது பண்ற மாதிரி இருக்கும். மாத்துத் துணி எடுத்துக்க.”

கீர்த்தி இந்த ஊர்ப் பெண். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஹெச்.ஆர். வேலை. வருஷத்துக்கு ஒரு நாள் தொழிலாளிகளையும் ஆபீசர்களையும் ஓரிடத்தில் கூட்டி, விளையாட வைத்து, ஒற்றுமையை வளர்த்து அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் டீம் பில்டிங். அதை நடத்தித் தரும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை இந்த முறை அவளிடம் வந்தது. அவள் தேர்ந்தெடுத்தது ‘ஒண்ணா மண்ணா ஈவன்ட்ஸ்’. சனிக்கிழமை, பழையசீவரம் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் விளையாட்டு நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கயிற்றைப் பிடித்தபடி எல்லோரும் நடக்கையில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் பிரிவின் சூப்பர்வைசர் மோகன்குமார் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தார். பின்மண்டை மோட்டார் பைப்பில் அடித்தது. உயிரோடு எடுக்கவில்லை.

நடத்திய நிறுவனத்தின் முதலாளி முத்துகிருஷ்ணன் என்பவரின் போன் அந்த நிமிஷத்திலிருந்து அணைந்து கிடக்கிறது. அவர் முகத்தை யாருமே பார்த்ததில்லை. மைக் பிடித்தவனும் சமையல்காரர்களும் போனில் பேசிப் பணத்தையும் போனிலேயே வாங்கியவர்கள். கீர்த்தியும் போனில் மட்டும்தான் பேசியிருக்கிறாள். அதனால் இன்ஸ்பெக்டரின் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது. முகம் தெரியாத ஆளுக்கு இந்தப் பெண் வேலையைக் கொடுத்திருக்கிறாள் என்றால் கமிஷன் வாங்கியிருக்கிறாள், அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“ஆளையே பார்க்காம எப்படிம்மா கொடுத்தே?” என்றார் மேடம்.

“மூணு பேரைப் பார்த்தேன் மேடம். முதல் ஆளு மெட்ராஸ்ல இருந்து கோட்டு போட்டுக்கிட்டு வந்தார். எல்லாரையும் நெருப்பு மேல நடக்க வைப்பாராம். பயம் போயிடுமாம்.”

“ஆடி மாசம் எங்க பக்கம் அதைக் கோட்டு போடாமயே பண்றாங்களே” என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாளிகளைப் பார்த்தேன்.

“ரெண்டாவது ஆளு ஈ.சி.ஆர். ரிசார்ட். எல்லாரும் ஒரு மிருகம் மாதிரி நடிச்சு அவங்கவங்க குணத்தைக் கண்டுபிடிக்கணும்னார். எங்க ஜி.எம். என்ன மிருகமா நடிப்பார்னு யோசிச்சுப் பார்த்தேன். வேலை போயிடும்னு விட்டுட்டேன்.” சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. “மூணாவது முத்துகிருஷ்ணன் சார். அவர் ஒருத்தர்தான் மேடம் எங்க ஆளுங்களைப் பத்திக் கேட்டார். யாருக்காவது வலிப்பு இருக்கா, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்களான்னு. பிரஸ் ஷாப் பசங்க நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வருவாங்க, ஓட விடாதீங்க, நடக்கிற விளையாட்டே போதும், மதியம் இலை போட்டு நல்ல சாப்பாடு போட்டுடலாம்னார். இவர்தான் சரின்னு தோணிச்சு.”

மேடத்தின் கையில் இருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“நைட் ஷிப்ட் முடிச்சு வருவாங்கன்னு நீ சொன்னியா?”

“சொல்லியிருப்பேன்... இல்ல, சொல்லல. தெரியல மேடம்.”

“எப்ப பேசுவார்?”

“டீ டயத்துலதான். சங்கு ஊதினா ‘அப்புறம் பேசறேங்க’ன்னு வச்சிடுவார்.”

“எந்தச் சங்கு?”

“எங்க கம்பெனி சங்கு. போன்லயும் கேக்கும். இந்தக் காதுல ஒண்ணு, அந்தக் காதுல ஒண்ணு. என் போன் பழசு, எக்கோ அடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“உன் பேச்சு எக்கோ அடிச்சுதா?”

“இல்ல.”

“அப்ப சங்கு மட்டும்தான் எக்கோ அடிச்சுதா?”

கீர்த்தியின் வாய் லேசாகத் திறந்தது. என் வாயும் திறந்தது. ஆனால் நான் அரை நிமிஷம் தாமதம்.

“மேடம்! அந்த முத்துகிருஷ்ணன் இவங்க கம்பெனிக்கு உள்ளயே இருக்கான்!”

“மெதுவா. கீழே உங்கத்தா கேக்கப் போறார்.” மேடம் கீர்த்தியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “கயித்தைப் பிடிச்சு நடந்ததைச் சொல்லு. யார் முன்னாடி, யார் பின்னாடி?”

“எல்லாரும் ஒரே டீ-ஷர்ட் மேடம். கண்ணைக் கட்டினதுக்கு அப்புறம் யார் எங்கன்னு தெரியாது. நான்தான் முதல் ஆளுன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். மைக் ஆளு தோப்பு வாசல்ல வேனுக்குள்ள உக்காந்துக்கிட்டு, ஸ்பீக்கர்ல ‘பள்ளம், பள்ளம்’, ‘திரும்பு’, ‘பாம்பு’ன்னு பொய் பொய்யா கத்துவார். பின்னாடி வர்ற பசங்களும் கத்துவாங்க. யார் பேச்சையும் கேக்கக் கூடாது, கயித்தை மட்டும் நம்பணும். அதான் விளையாட்டு. அது முத்துகிருஷ்ணன் சாரே போன்ல சொன்ன ரூல்.”

“மோகன்குமார்?”

“எனக்கு முன்னாடி போயிருக்கார் மேடம். எனக்குத் தெரியல. திடீர்னு அவர் மேல இடிச்சேன். அவர் ஐடி கார்டு என் கன்னத்துல குத்திச்சு. அப்புறம்...” துணிப்பையை இறுக்கிப் பிடித்தாள். “தண்ணி சத்தம்.”

தரையில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் கிடந்தது. முதல் பக்கத்தில் கிணறு, ஒரு போலீஸ்காரர், ஒரு வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே கம்பெனி கொடுத்த கறுப்பு பூட்ஸ் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மேடம் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வண்டியை எடு” என்றார்.

*

என் வண்டிக்கு இரண்டு பேரைச் சுமப்பதில் கொள்கை அளவில் உடன்பாடு கிடையாது. ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை எதிர்ப்பைத் தெரிவித்தது. நான் அந்த இடைவெளியில் வழக்கை முடித்து வைத்தேன்.

“கொலை மேடம். கம்பெனிக்கு உள்ளயே ஒருத்தன். மோகன்குமார் மேல பகை. முத்துகிருஷ்ணன்னு ஒரு பேரை உண்டாக்கி, கிணறு இருக்கிற தோப்பாப் பார்த்து எடுத்து, கண்ணைக் கட்டின மாதிரி நடிச்சு, கயித்தைக் கிணத்தாண்ட இழுத்துக் கட்டி...”

“கொலை பண்ணப் போறவன், வர்றவங்கள்ல யாருக்காவது வலிப்பு இருக்கான்னு கேப்பானா?”

அதற்கப்புறம் தோப்பு வரும்வரை நான் வண்டியை மட்டும் ஓட்டினேன்.

தோப்புக்குப் பின்னால் சிமெண்டு பூசிய பெரிய களம். அதன் ஒரு ஓரத்தில் மோட்டார் ரூம், அதை ஒட்டினாற்போல் கிணறு. களம் முழுக்க நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. நான் குறுக்கே போனால் சுருக்காகப் போகலாமே என்று காலை வைத்தேன்.

“செருப்பு! செருப்பு! கீழே நெல்லு கீது, கண்ணு தெரியலயா?”

தலையில் துண்டு கட்டிய அம்மாள் ஒருவர் கையில் நெல் தள்ளுகிற பலகையோடு வந்துகொண்டிருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர், எல்லம்மாள். தோப்பும் களமும் கிணறும் அவருடையவை. நான் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று கிணற்றுப் பக்கம் போய் விழுந்தது. எடுக்கப் போகவில்லை.

“இன்னும் எத்தினி பேரு வருவீங்க?” என்றார் எல்லம்மாள். “தொடாதேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு இன்ஸ்பெக்டரு. மூடிப்போட்டு வச்சா நெல்லு புழுங்கிப் பூடாதா? ஏற்கனவே ஈரம் ஜாஸ்தின்னு கொள்முதல்ல திருப்பி அனுப்பிச்சிட்டான்.”

“நாங்க போலீஸ் இல்லம்மா” என்றார் மேடம். “அந்தப் பொண்ணு கீர்த்திக்காக வந்திருக்கோம். சாயங்காலம் அதைப் புடிச்சு உள்ள வைக்கப் போறாங்க.”

எல்லம்மாளின் கை பலகையில் இறுகியது. “அந்தப் பொண்ணையா? அது இன்னா பண்ணிச்சு?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் பூட்ஸைக் கழட்டினாங்களா?”

“கழட்டாம? களத்தாண்ட வர்றதுக்கு முன்னாடியே மாமரத்தடியில வரிசையா கழட்டிப் போட்டுட்டு, வெறுங்கால்லதான் அத்தினி பேரும் நடந்தாங்க. அப்படித்தான் பேச்சு. ஒருத்தன் மட்டும் பூட்ஸ் காலோட நெல்லு மேலயே ஓடிக்கீறான். வந்து பாரு.”

தார்ப்பாயின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மஞ்சள் நெல்லில் பள்ளம் பள்ளமாக பூட்ஸ் தடங்கள். ஒவ்வொன்றும் முன்பக்கம் ஆழமாக, ஒன்றிலிருந்து அடுத்தது வெகு தூரத்தில். தோப்புக்குப் பின்னால் சமையல் நடந்த கொட்டகையிலிருந்து நேராக, வளையாமல், மோட்டார் ரூமை நோக்கிப் போயின. மேடம் ஒரு தடத்தின் பக்கத்தில் நின்று அடுத்ததற்குக் கால் நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

“வஹாப். பேப்பர்ல வந்த படத்துல காலைப் பார்த்தியா?”

“பூட்ஸ்” என்றேன்.

“கயித்தைப் பிடிச்சு நடந்தவங்க எல்லாம் வெறுங்கால். செத்தவர் கால்ல பூட்ஸ். கண்ணைக் கட்டினவன் இப்படி ஓடவும் மாட்டான். மோகன்குமார் அந்த வரிசையிலயே இல்ல.”

“அப்ப சமையக் கொட்டாயில அவருக்கு என்ன வேலை?”

மேடம் எல்லம்மாளிடம் திரும்பினார். “உனக்கு முத்துகிருஷ்ணனைத் தெரியுமா?”

“இன்ஸ்பெக்டரும் அதையேதான் கேட்டுக்கினு இருந்தாரு. எந்த முத்துகிருஷ்ணனையும் எனக்குத் தெரியாது. சாமி சத்தியமா.”

“சரி. தோப்பை யாருக்கு விட்டே?”

எல்லம்மாள் தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் ஒதுக்கினார்.

“அதை யாரும் கேக்கலயே” என்றார் கடைசியில்.

“நான் கேக்கறேன்.”

“செத்துப்பூட்ச்சே, அந்தப் புள்ளைக்குத்தான்.”

மூன்று நாளாக மாவட்டமே தேடிக்கொண்டிருந்த முத்துகிருஷ்ணனை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் குதிக்கிறவன்தான் நான். அன்று கால் எழும்பவில்லை.

“மோகனுன்னுதான் எனக்குத் தெரியும்” என்றார் எல்லம்மாள். “பழையசீவரத்துப் புள்ள. நாலு தபா வந்துச்சு. கம்பெனில மிசினு வரப்போவுதாம், ஆளைக் கொறைக்கப் போறாங்களாம், அதுக்குள்ள இன்னொரு பொயப்பு பாத்துக்கினா பொண்டாட்டி புள்ளைங்க தப்பிச்சுக்கும்னு சொல்லிச்சு. வேலையில இருந்துக்கினே சொந்தமா தொயில் பண்றது தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுருவாங்க, அதனால என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதக்கான்னு கேட்டுக்கினுச்சு. அதான் நானும் வாயைத் தொறக்கல.”

“பூட்ஸைக் கழட்டணும்னு சொன்னதும் அவர்தானா?”

“அதுதான். விவசாயி வூட்டுப் புள்ள இல்லியா?”

நான் பூட்ஸ் தடங்களை மறுபடி பார்த்தேன். நெல்லில் யாரும் செருப்புக்கால் வைக்கக்கூடாது என்று முப்பது பேருக்குச் சொல்லி வைத்தவர், பூட்ஸோடு நெல் மேல் ஓடியிருக்கிறார்.

மேடம் களத்தைச் சுற்றிக்கொண்டு போனார். கயிறு கட்டிய மூங்கில் கழிகள் இன்னும் நின்றன. தோப்பிலிருந்து அழகாக வளைந்து வந்த வரிசை, களத்தின் அருகே வந்ததும் சட்டென்று கிணற்றுப் பக்கம் ஒடிந்து திரும்பியது. கயிற்றின் நுனி மோட்டார் ரூம் தூணில் கட்டியிருந்தது. மேடம் அந்தப் பக்கம் போகவில்லை. களத்தின் எதிர் ஓரத்தில் குனிந்து எதையோ பார்த்தார்.

“வஹாப், இங்க வா. இது என்ன?”

“குழி மேடம். இன்னொண்ணும் இருக்கு. அதோ இன்னொண்ணு.”

“கழி நட்ட குழி. குழி இங்க இருக்கு, கழி அங்க இருக்கு. மோகன்குமார் போட்ட வழி கிணத்துக்கு எதிர்ப்பக்கம் போகுது.” நிமிர்ந்தார். குரலை உயர்த்தவில்லை. “எல்லம்மா, யார் மாத்தினது?”

எல்லம்மாள் பலகையைக் கீழே வைத்தார். மெதுவாக, நெல்லில் படாமல் வைத்தார்.

“நான்தான்.”

காக்கை ஒன்று தார்ப்பாய் மேல் வந்து உட்கார்ந்தது. அவர் அதை ஓட்டக்கூட இல்லை.

“கொள்முதல்ல திருப்பிட்டானா, காயட்டும்னு நல்லா பரப்பிட்டேன். நெல்லு கயித்துக்கு அடியில வரைக்கும் வந்துடுச்சு. பாத்துக்கினே கீறேன், அத்தினி பேரும் நெல்லு மேலயே வர்றாங்க. வெறுங்காலுன்னாலும் காலு காலுதானே? நெல்லு மேல படலாமா? ஓடிப்போயி கழியைப் புடுங்கி இந்தாண்ட நட்டு, தூண்ல கட்டிட்டு, கொட்டாயாண்ட சாக்கு எடுக்கப் பூட்டேன். கண்ணு கட்டிக்கினு கீறாங்கன்னு எனக்குத் தெரியும். கெணறு கீதுன்னும் தெரியும். ரெண்டையும் ஒண்ணா நெனைக்கலயே மேடம். பொறந்ததுலேர்ந்து அந்தக் கெணறு அங்கதான் கீது.” முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். “கொட்டாயில அந்தப் புள்ள எலை கழுவிக்கினு இருந்துச்சு. நெல்லு மேல வர்றாங்கப்பா, கயித்தை மாத்திட்டேன்னு சொன்னேன். எங்க மாத்தினேன்னு கேட்டுச்சு. சொன்னேன். எலையைப் போட்டுட்டு ஓடிச்சு.”

என் மூளை வழக்கம்போல் தாமதமாக வந்து சேர்ந்தது.

“மேடம். முன்னாடி நடந்து போறவர் மேல இடிச்சா முதுகுலதானே இடிக்கும்? ஐடி கார்டு எப்படி கன்னத்துல குத்தும்?”

“இப்பத்தான் வர்றியா” என்றார் மேடம். கிண்டல் இல்லை அதில். “கீர்த்தி வரிசையில முதல் ஆளுதான். அவர் கிணத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அவளைப் பார்த்து நின்னுருக்கார். குறுக்க.”

“அவ இடிச்சுதான்...”

“ஆமா.”

“இதை அவகிட்ட சொல்லணுமா மேடம்?”

மேடம் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். “கேஸுக்கு அது தேவையில்ல” என்றார். இப்படி ஒரு பதிலை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. பிறகு போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். “சார், நீங்க தேடற தலைமறைவுக் குற்றவாளியை நீங்களே போஸ்ட்மார்ட்டம் பண்ணி வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. அவரோட இன்னொரு போன் கிணத்துக்கு அடியில இருக்கும். தண்ணியை இறைச்சுப் பாருங்க.”

*

ஐந்து மணிக்கு முன்பே கிணற்றை இறைத்துவிட்டார்கள். போன் சேற்றில் கிடைத்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே புங்க மரத்தடியில் மேடம் கீர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றைத் தவிர. சங்கு, பூட்ஸ், கழி, எல்லம்மாள். எல்லம்மாள் பஸ் பிடித்துத் தானாகவே வந்து, எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

“மோகன் அண்ணனா?” என்றாள் கீர்த்தி. “தினமும் என் சீட்டைத் தாண்டித்தான் போவார். ‘வணக்கம் மேடம்’னு சொல்லுவார். போன்ல வேற மாதிரிப் பேசினார் மேடம். எனக்குத் தெரியவே இல்ல.”

“அவர் அவ்வளவு பயந்திருக்கார்.”

“அப்ப நான் எடுத்தது தப்பான ஆள் இல்லையா?”

“இல்ல. மூணு பேர்ல நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கே.”

கீர்த்தி தலையை ஆட்டினாள். முதல் முறையாக மூச்சை முழுசாக விட்டாள். துணிப்பையை வண்டி மேல் வைத்தாள். பிறகு அப்படியே நின்றாள். அவள் கை மெல்ல மேலே வந்து கன்னத்தைத் தொட்டது.

நான் அவசரமாக, “டீ குடிக்கலாமா?” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னவற்றிலேயே மோசமான வாக்கியம் அது.

“எனக்குக் கேட்டுச்சு மேடம்” என்றாள் கீர்த்தி.

“என்ன?”

“‘நில்லுங்க மேடம், கிணறு, கிணறு’ன்னு. ரொம்பப் பக்கத்துல. ஸ்பீக்கர்ல ‘பள்ளம், பள்ளம்’னு கத்திக்கிட்டு இருந்தாங்க. அந்த மாதிரி இதுவும் ஒண்ணுன்னு நினைச்சேன். தோள்ல கை வச்சுத் தடுத்தாங்க. நான் சிரிச்சேன் மேடம். ‘நான் ஏமாற மாட்டேன்’னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே தள்ளிக்கிட்டுப் போனேன்.”

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் ராஜாராம் நல்ல மனநிலையில் இருந்தார். சுவரோரப் பெஞ்சில் மோகன்குமாரின் மனைவி ஜெயப்பிரியா உட்கார்ந்திருந்தார். கணவரின் பொருள்களை வாங்கிப் போக வந்தவர். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கைக்கடிகாரமும் ஐடி கார்டும் இருந்தன. அவர் அந்தக் கவரை மடித்துக்கொண்டே இருந்தார்.

“வாம்மா கீர்த்தி. உனக்கு நல்ல நேரம்” என்றார் இன்ஸ்பெக்டர். “ஏமாத்தினவனும் அவன், இடத்தைப் பார்த்தவனும் அவன், விளையாட்டு வச்சவனும் அவன், கால் தவறி விழுந்தவனும் அவன். செத்தவன் மேலயே போட்டு மூடிடறேன். உனக்கும் பேஜார் இல்ல, எனக்கும் இல்ல.”

“நான் கயித்தை மாத்தினேன் சார்” என்றார் எல்லம்மாள்.

“நெல்லு காய வச்சதுக்கெல்லாம் கேஸ் போட முடியாது. வூட்டுக்குப் போம்மா.”

“அவர் கால் தவறி விழல சார்” என்றார் மேடம். “காப்பாத்தப் போனவர்.”

“யாரு பார்த்தா? பார்க்கறதுக்குத்தான் அங்க ஒருத்தன் கண்ணும் தொறந்து இல்லையே. பூட்ஸ் தடத்தை வச்சு நான் கோர்ட்ல கதை சொல்ல முடியுமா?” ஜெயப்பிரியா பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். ஆனால் அது எல்லோருக்கும் கேட்டது. “கம்பெனியில இருந்தும் பேசினாங்க. திருட்டுத்தனமா தொழில் பண்ணின ஆளுக்கு நஷ்டஈடு கிடையாதுன்னுட்டாங்க. என்ன பண்றது. அவன் பண்ணினதுக்கு அவன் போயிட்டான்.”

மேடம் கீர்த்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், கீர்த்தி அந்தச் சுடிதாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பேசாதே என்று நான் மனதுக்குள் சொன்னேன். பேசு என்றும் சொன்னேன். இரண்டையும் அல்லாஹ் கேட்டிருப்பான்.

கீர்த்தி இன்ஸ்பெக்டரின் மேஜையைத் தாண்டி நேராகப் பெஞ்சுக்குப் போனாள். ஜெயப்பிரியாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அவர் விழல. நான் கிணத்துல விழாம இருக்கக் குறுக்க வந்து நின்னார். நில்லுன்னு கத்தினார். நான்தான் நிக்கல. நான்தான் இடிச்சுத் தள்ளிட்டேன்.” பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “பார்க்கல சார். ஆனா கேட்டேன். அவர் கை என் தோள்ல இருந்துச்சு. எழுதிக்குங்க.”

“யோசிச்சுப் பேசும்மா. எழுதிட்டேன்னா அப்புறம் உன் பேர் கேஸுக்குள்ள வந்துரும்.”

“எழுதிக்குங்க சார்.”

ஜெயப்பிரியா கவரை மடிப்பதை நிறுத்தியிருந்தார். கீர்த்தியை வெகுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் போனேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“கத்தினாரா?” என்றார் ஜெயப்பிரியா.

“கத்தினார்க்கா.”

“நல்லாக் கேட்டியா? அவரு குரலா?”

“அவர் குரல்தான்.”

“அவருக்குக் கத்தவே வராதும்மா” என்றார் ஜெயப்பிரியா.